எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. வருஷக் கடைசிக் கணக்கு, அது முடியறதுக்குள்ள ஆடிட், நடுவுல ஊர்ல ஒரு கல்யாணம்னு ஓடிப் போச்சு. "போபால் பிடிச்சுப் போய் எங்களை மறந்துட்டீங்களா சார்"னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. மறக்கலை மக்களே. ஒரு விஷயம் முடியட்டும், அப்புறமா எழுதலாம்னு இருந்தேன். அது இப்போதைக்கு முடியற மாதிரி தெரியலை. அதனால பாதியிலயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

விஷயம் வீட்டு விஷயம்தான். எங்க பொண்ணு 2025 ஜூலைல உடற்கல்விப் பட்டப்படிப்புல சேர்ந்தா. பி.பி.இ.எஸ். ப்ளஸ் டூ முடிச்சதும் சேரலாம், மூணு வருஷம். பாளையங்கோட்டையில பி.காம் படிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, இருபது வருஷமா ஊர் ஊரா மாத்தலாகிப் போற அப்பனுக்கு இப்படி ஒரு பொண்ணான்னு கேக்கறீங்களா? நானும் தங்கமணியும் அதைத்தான் கேட்டுக்கிட்டோம் :-)

பழைய ஆளுங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். பிறவியிலயே அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழ வளரலை. நாம முன்னாடி ஊனமுற்றோர்னு சொல்லி, இப்ப மாற்றுத்திறனாளின்னு சொல்றோம். இங்க ஹிந்தியில திவ்யாங். பேர் எதுவானாலும் பொண்ணு ஒண்ணுதான். நல்லா பேட்மின்டன் ஆடுவா.

உடற்கல்வி ஆசை எங்க ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். இதுக்கு முன்னாடி நாங்க குவாலியர்ல நாலு வருஷம் இருந்தோம். அங்க லக்ஷ்மிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் இருக்கு. 1857 கிளர்ச்சியோட நூற்றாண்டுல, 1957-ல, கல்லூரியா ஆரம்பிச்சு, பின்னாடி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. ஜான்சி ராணி இறந்தது குவாலியர்லதான், அதனால அந்தப் பேர். அந்த வழியா போகும்போதெல்லாம் டிராக் சூட் போட்ட பிள்ளைங்க ஓடிக்கிட்டிருக்கறதை இவ கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா.

ஆனா அவளோட பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியட்னா நிலைமை வேற. "நீ மரத்தடியில உக்காந்து ஸ்கோர் எழுதும்மா"ன்னுடுவாங்க. திட்டுனதில்லை, கேலி பண்ணுனதில்லை. அன்பாத்தான் உக்கார வச்சாங்க. நாலு வருஷம் மத்தவங்க வாட்டர் பாட்டிலுக்குக் காவல் இருந்தா. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னா, "அப்பா, நான் பி.டி. டீச்சராப் போனா யாரையும் மரத்தடியில உக்கார வைக்க மாட்டேன்." சின்னப் பிள்ளைப் பேச்சுன்னு நாங்க எதுவும் சொல்லலை. ஆனா அது அவ மனசுலயே இருந்திருக்கு.

2024 செப்டம்பர்ல பாரிஸ் பாராலிம்பிக்ஸ். காஞ்சிபுரத்துப் பொண்ணு துளசிமதி முருகேசனுக்கு பேட்மின்டன்ல வெள்ளி, மனிஷா ராமதாசுக்கு வெண்கலம். ரெண்டு பேரும் எஸ்.யு.5 பிரிவு, அதாவது கையில குறைபாடு உள்ளவங்க ஆடற பிரிவு. இவளோட பிரிவும் அதேதான். அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் தூங்கலை. காலைல எந்திரிச்சதும், "பி.பி.இ.எஸ்.தான் படிக்கப் போறேன்"னு முடிவாச் சொல்லிட்டா.

ஊர்ல இருந்து ஆச்சி போன்ல, "ஏட்டி, ஒனக்கு எதுக்குட்டி இந்த ஓட்டமும் சாட்டமும்? ஒங்கப்பன மாதிரி பேங்குல போயி ஃபேனுக்கு அடியில உக்காரு"ன்னாங்க. என் வேலையைப் பத்தி எங்கம்மாவோட அபிப்பிராயம் அதுதான் :-)

சரி, விண்ணப்பம் போடலாம்னு பக்கத்து மாநிலத்துல ஒரு பல்கலைக்கழகத்தோட பிராஸ்பெக்டஸை எடுத்தோம். பேர் வேண்டாம், பொண்ணு அங்கதான் படிக்கறா. சர்க்குலர் படிச்சே வயசான ஆளு நான், முழுசாப் படிச்சேன். ஒரு பக்கத்துல, 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 5 சதவீத இடம் ஒதுக்கீடுன்னு இருந்தது. மொத்தம் 60 சீட்டு, அப்ப மூணு சீட்டு. பத்துப் பக்கம் தள்ளி, விண்ணப்பிக்கிறவங்க உடல் குறைபாடு எதுவும் இல்லாதவங்களா இருக்கணும்னு ஒரு வரி. ரெண்டையும் எழுதினவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கவே மாட்டாங்க போல.

அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஆறு ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். 50 ஓட்டம், 600 ஓட்டம், நின்ன இடத்துல இருந்து நீளம் தாண்டறது, ஷட்டில் ரன், சிட்-அப். ஆறாவது, பையன்களுக்கு புல்-அப், பொண்ணுங்களுக்கு கம்பியைப் பிடிச்சு முழங்கையை மடக்கித் தாடை கம்பிக்கு மேல இருக்கற மாதிரி தொங்கணும். எத்தனை செகண்ட் தொங்கறாங்களோ அதுக்கு மார்க். ரெண்டு உள்ளங்கையும் வேணும். இவளுக்கு அதுல முட்டைதான்.

"ஏம்ப்பா, தொங்கறதுக்கு இது டீச்சர் வேலையா, வவ்வால் வேலையா?"ன்னா. தங்கமணி சிரிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சிரிப்பு மட்டும்தானான்னு எனக்குத் தெரியும்.

இந்த ஆறு ஐட்டம் எங்க இருந்து வந்ததுன்னு தேடினேன். 1950-கள்ல அமெரிக்காவுல ஒரு சோதனை நடத்தினாங்க. ஐரோப்பியப் பிள்ளைங்களை விட அமெரிக்கப் பிள்ளைங்க ரொம்ப மோசமா வந்தாங்க. பனிப்போர் காலம் வேற. ஐசனோவர் பதறிப்போய் 1956-ல இளைஞர் உடல்தகுதிக்குன்னு ஒரு கவுன்சில் வச்சார். அதைத் தொடர்ந்து அங்க இருந்த உடற்கல்விச் சங்கம் 1958-ல ஒரு தேர்வு வெளியிட்டது. பேர் ஆஃபர் டெஸ்ட். பின்னால அவங்களே திருத்தி, 1976 வாக்குல இந்த ஆறு ஐட்டமா ஆக்கினாங்க. அதோட வேலை பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட உடல்தகுதியை அளக்கறது. ஒருத்தர் உடற்கல்வி படிக்கலாமா, நல்ல ஆசிரியர் ஆவாரான்னு கண்டுபிடிக்க யாரும் அதை உண்டாக்கலை. அங்க இருந்து வந்து நம்ம உடற்கல்வித் துறைகள்ல ஊறிப் போச்சு.

அதே அமெரிக்காவுலயே 1990-கள்ல மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்காக ப்ராக்போர்ட் டெஸ்ட்னு ஒண்ணு வந்திருச்சு. விண்ணிக், ஷார்ட்னு ரெண்டு பேர் பண்ணினது. யாருக்கு என்ன குறைபாடோ அதுக்குத் தகுந்த மாதிரி ஐட்டம் மாறும். சக்கர நாற்காலியில இருக்கறவங்க ஓடறதுக்குப் பதிலா தள்ளிக்கிட்டுப் போகலாம், கம்பியில தொங்கறதுக்குப் பதிலா டம்பெல் தூக்கலாம், பெஞ்ச் பிரஸ் பண்ணலாம். ஆக, வழி இல்லாம இல்லை.

ஒரு லெட்டர் எழுதினேன். லெட்டர் எழுதறதுதானே நம்ம தொழில். சட்டத்தோட 32-வது பிரிவு 5 சதவீத இடம் சொல்லுது. நியாயமான மாற்றம் செஞ்சு குடுக்கறதுன்னா என்னன்னு 2-வது பிரிவுல விளக்கம் இருக்கு. ரெண்டையும் காட்டி, அந்த ஒரு ஐட்டத்துக்குப் பதிலா ஒரு கையால செய்யற வேற ஐட்டம் வைங்கன்னு கேட்டேன். மூணு வாரம் கழிச்சு ரெண்டு வரி பதில். பொதுவான விதிப்படி தேர்வுல கலந்துக்கலாம், மாற்று ஐட்டம் கிடையாது.

நேர்ல போனோம். துறையில ஒரு சீனியர் பேராசிரியர். நல்ல மனுஷர், டீ வாங்கிக் குடுத்தார். "சப் கே லியே ஏக் ஹீ டெஸ்ட், ஷர்மாணே கி கோயி பாத் நஹி"ன்னார். எல்லாருக்கும் ஒரே டெஸ்ட், இதுல சங்கடப்பட ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்.

"சார், பையன்களுக்கு புல்-அப், பொண்ணுங்களுக்குத் தொங்கறதுன்னு போட்டிருக்கே, அப்ப ஏற்கனவே ரெண்டு டெஸ்ட்தானே?"ன்னு கேட்டேன். பொண்ணுங்க உடம்பு வேறங்கறதால அவங்களுக்குத் தகுந்ததா மாத்தினாங்க, அதை யாரும் சலுகைன்னு சொல்லலை. அதே நியாயம் மூணாவது ஒரு உடம்புக்கும் வரக் கூடாதான்னு கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை.

அப்புறம் அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லணும். "ஜிம்னாஸ்டிக்ஸ்ல பேரலல் பார் மேல ஏறுற குழந்தை தவறினா டீச்சர் ரெண்டு கையால தாங்கிப் பிடிக்கணும். உங்க பொண்ணால முடியலைன்னா விழறது குழந்தைதான்"னார். உண்மைதான். அந்த ஒரு வேலையை அவ தனியா செய்யக் கூடாது, கூட ஒரு ஆள் வேணும். அப்ப அதைப் பாடத்துல சொல்லிக் குடுங்க, எந்த வேலைக்குத் துணை வேணும், எதுக்கு வேண்டாம்னு பிரிச்சு எழுதுங்க. கம்பியில தொங்கற செகண்டை எண்ணினா அது எப்படித் தெரியும்? எனக்குப் பாடம் எடுத்த பி.டி. வாத்தியார் ஐம்பது வயசுல தொப்பையோட விசிலை வச்சே ஹை ஜம்ப் சொல்லிக் குடுத்தார். நாங்களும் தாண்டினோம் :-)

இந்த எடத்துல என் தொழில் கண்ணாடியைப் போட்டுக்கறேன். எங்க பேங்க்லயும் ஒரு காலத்துல "எல்லாருக்கும் ஒரே ரூல்"தான். குறைஞ்ச பட்ச இருப்பு இவ்வளவு வேணும், பணக்காரனுக்கும் அதே, கூலிக்காரனுக்கும் அதே. பார்க்கச் சமம். ஆனா ஒருத்தன் உள்ள வரான், ஒருத்தன் வாசல்லயே நிக்கறான். 2005-ல ரிசர்வ் வங்கி இருப்பே இல்லாம, இல்லை ரொம்பக் கம்மியான இருப்போட கணக்கு தொறக்கச் சொன்னதும்தான் நிலைமை மாற ஆரம்பிச்சது. புதுச்சேரி பக்கம் மங்கலம்னு ஒரு கிராமம், எல்லா வீட்டுக்கும் வங்கி வசதி கிடைச்ச முதல் கிராமம்னு பேர் வாங்கினது அப்பதான். 2014-ல ஜன் தன் வந்தது. ரூலை மாத்தினதால பேங்க் ஒண்ணும் மூழ்கிடலை.

வேலைக்கு ஆள் எடுக்கறதுலயும் அப்படித்தான். இப்ப சட்டப்படி 4 சதவீதப் பணியிடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. எங்க பிராஞ்ச்ல பார்வை இல்லாத ஒரு ஆபீசர் இருந்தார். கம்ப்யூட்டர் திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், காதுல ஹெட்போன். கேஷ் எண்ணுற வேலை அவருக்கு இல்லை. பென்ஷன்காரங்க புகாரெல்லாம் அவர்கிட்டதான் போகும், பொறுமையாக் கேட்டு முடிச்சு வைப்பார். ஆபீசர் வேலைக்கு எது அவசியம், எது பழக்கம்னு யாரோ உக்காந்து பிரிச்சுப் பார்த்ததாலதான் அவர் அந்த சீட்ல உக்கார முடிஞ்சது.

உடம்பு அசைவைப் பத்தின படிப்புதான் கினீசியாலஜி. அமெரிக்காவுல பல பல்கலைக்கழகங்கள்ல துறையோட பேரே இப்ப அதுதான். நம்ம நாட்டுல துறைக்குப் பேர் உடற்கல்வி, கினீசியாலஜி அதுல ஒரு பேப்பர். எலும்பு ஒரு நெம்புகோல், மூட்டு அதோட தாங்குபுள்ளி, தசை விசை குடுக்குதுன்னு ஆரம்பிச்சுப் பாடம் போகும். நெம்புகோலோட நீளம் மாறினா கணக்கு மாறும்னு சொல்லிக் குடுக்கற துறை அது. மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்வின்னு தனியாவும் ஒரு பாடம் இருக்கு. புத்தகத்துல இருக்கற அந்த ஆள் நேர்ல வந்து கதவைத் தட்டினா மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்னுதான் எனக்குப் புரியலை. ஒரு கிளாஸ்ல அறுபது பேர் உக்காந்து மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு படிக்கறாங்க, அந்த அறுபதுல அப்படி வளர்ந்த ஒருத்தர்கூட இல்லைன்னா, அவங்க ஸ்கூலுக்குப் போய் அந்தக் குழந்தையை மரத்தடியில உக்கார வைக்கத்தானே செய்வாங்க?

தேர்வு அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். காலை ஆறு மணிக்கு மைதானம். முதல்ல மருத்துவப் பரிசோதனை. இவ கையில அந்த ரெண்டு வரி பதில் இருந்ததால உள்ள விட்டுட்டாங்க. ஆறுல அஞ்சு ஐட்டம் நல்லாவே பண்ணினா. கம்பி ஐட்டத்துக்குப் பேர் கூப்பிட்டாங்க, போய் நின்னு, "ஜீரோ போட்டுக்கோங்க சார்"னு சொல்லிட்டு வந்தா.

இவளுக்கு முன்னாடி வரிசையில ஒரு பையன். வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, ஜெய்ப்பூர் கால். பெஞ்ச் பிரஸ்ல, அதாவது பாரா பவர்லிஃப்டிங்ல, மாநில அளவுல ஆடினவன். தோளைப் பார்த்தாலே தெரியும். அவங்கப்பா தள்ளுவண்டியில காய்கறி விக்கறவர், ராத்திரி பஸ்ஸுல வந்திருந்தாங்க. பையன்கிட்ட லெட்டர் எதுவும் இல்லை. டாக்டர் ஃபார்ம்ல "தகுதியில்லை"ன்னு எழுதிட்டார். மைதானத்துக்குள்ளயே போகலை. நான் போய்ப் பேசிப் பார்த்தேன், சட்டத்தைச் சொன்னேன். "ஆபீஸ்ல எழுதிக் குடுங்க"ன்னாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ் பூட்டியிருந்தது. அவங்கப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, பையனைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.

ரிசல்ட் வந்தது. முட்டை வாங்கியும் பொண்ணு பொதுப் பட்டியல்லயே வந்துட்டா. வீட்ல பாயசம். ஆச்சிகூட, "பரவால்லியே, ஏட்டி"ன்னாங்க. ஆனா அந்தப் பட்டியலோட கடைசியில மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு, மூணு இடம்னு போட்டு, நேரா "தகுதியான விண்ணப்பதாரர் இல்லை"ன்னு இருந்தது. அன்னிக்குக் காலைல கேட்டுக்கு வெளிய நின்ன ஒருத்தனை நான் பார்த்தேனே.

என் பொண்ணுக்கு ஒரே ஒரு ஐட்டம்தான் போச்சு, அதனால தாக்குப் பிடிச்சா. அவளோட அப்பனுக்கு இங்கிலீஷ்ல சட்டப் பிரிவு போட்டு லெட்டர் எழுதத் தெரியும். அந்தப் பையனுக்கு ஓட்டம், தாண்டுதல்னு நாலு ஐட்டம் போகும், அப்பாவுக்கு லெட்டர் எழுதத் தெரியாது. அப்பன் யாருங்கறதை வச்சு ஒரு துறையோட கதவு தொறக்கும்னா அதுக்குப் பேர் ஒதுக்கீடு இல்லை.

அதனால ரெண்டாவது லெட்டர் எழுதியிருக்கேன். இந்தத் தடவை பொண்ணுக்காக இல்லை. மாற்று ஐட்டங்களை பிராஸ்பெக்டஸ்லயே அச்சடிங்க, குறைபாடு இல்லாதவங்கன்னு இருக்கற வரியை எடுங்க, மருத்துவப் பரிசோதனையில முடியாதுன்னு எழுதினா எந்த வேலை முடியாதுன்னு காரணம் எழுதுங்க. மூணே விஷயம். நகல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் போயிருக்கு. "உனக்கு எதுக்கு ஊர் வம்பு, பொண்ணு அங்க படிக்கணுமே"ன்னு தங்கமணி பயப்படறா. பொண்ணுதான் நகல் எடுத்துக் குடுத்தா.

லெட்டரால என்ன ஆகப் போகுதுன்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு சங்கதி. 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், 40 சதவீதத்துக்கு மேல குறைபாடுங்கற எண்ணை மட்டும் வச்சு மருத்துவப் படிப்புல இடம் மறுக்கக் கூடாது, அந்த மாணவரால படிப்பைத் தொடர முடியுமான்னு பார்க்கணும்னு சொல்லிச்சு. நாங்க இருக்கற இதே மத்தியப் பிரதேசத்துல, பார்வை இல்லாதவங்க நீதிபதித் தேர்வே எழுத முடியாதுன்னு ஒரு விதி இருந்தது. ஒரு அம்மா தன் பிள்ளைக்காகத் தலைமை நீதிபதிக்கு எழுதின கடிதத்துல ஆரம்பிச்ச வழக்கு, 2025 மார்ச்ல அந்த விதியே போச்சு. டாக்டர் ஆகலாம், ஜட்ஜ் ஆகலாம், பி.டி. டீச்சர் ஆகக் கூடாதா?

நம்மள மாதிரி வெளியூர்ல இருக்கற குடும்பங்களுக்கு உபயோகமா நாலு விஷயம்:

1. ஊனச் சான்றிதழ் எந்த மாநிலத்துல வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். மாத்தலான ஊர்ல திரும்ப ஆஸ்பத்திரி ஏறச் சொன்னா 58-வது பிரிவைக் காட்டுங்க. அடையாள அட்டையையும் வாங்கி வச்சுக்கோங்க.

2. உயர்கல்வியில வயசு வரம்புல அஞ்சு வருஷத் தளர்வும் உண்டு. 32-வது பிரிவுலயே இருக்கு. நிறையப் பேர் கேக்கறதே இல்லை.

3. மாற்றம் வேணும்னா தேர்வுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க, பதிலையும் எழுத்துல வாங்குங்க. ரெண்டு வரி பதிலே ஒரு கேட்டைத் தொறந்ததை நான் பார்த்தேன்.

4. "முடியாது"ன்னா எது முடியாதுன்னு கேளுங்க. ஒரு வேலையைச் சொன்னா, அதுக்கு வழி தேடலாம்.

இதைப் படிக்கறவங்கள்ல காலேஜ்ல வேலை பார்க்கறவங்க, உடற்கல்வித் துறையில தெரிஞ்சவங்க இருக்கறவங்க, தயவு செஞ்சு உங்க ஊர் பிராஸ்பெக்டஸை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. ஒதுக்கீடு ஒரு பக்கத்துலயும், "குறைபாடு இல்லாதவர்"னு இன்னொரு பக்கத்துலயும் இருந்தா, யார்கிட்டயாவது சொல்லுங்க. எங்கயாவது மாற்று ஐட்டம் வச்சு நல்லபடியா நடத்தறாங்கன்னா அதை எனக்குச் சொல்லுங்க, லெட்டர்ல சேர்த்துக்கறேன்.

அந்தப் பையனோட போன் நம்பர் என்கிட்ட இருக்கு. அடுத்த அட்மிஷனுக்கு அவனுக்கு முதல் ஆளா லெட்டர் எழுதிக் குடுத்தாச்சு. மத்தவங்களுக்கு யார் எழுதுவாங்கன்னுதான் தெரியலை.